ஸ்பேனரில் பேசக் கற்றுத்தந்த மூச்சுக்காரர்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி கோமதி வாசகர் கடிதம் எழுதி உங்களுக்குத் தெரிவிப்பதைவிட அது கௌரவம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, எடுத்த பெண்ணிடம் "நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?" என்று விசாரித்த ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, நான்தான்.

நடந்தது கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில், நாங்கள் குடியிருக்கும் வீதியில். எதிர்வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் கையில் போனோடு நின்றவன் நான் மட்டும்தான். 108ஐ அழுத்தினேன். "சொல்லுங்க சார், என்ன எமர்ஜென்சி?" என்றது ஒரு பெண் குரல்.

எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்வது மரியாதை இல்லை. பெண் கேட்டுப் போனாலும் மழை, தென்னை, மாட்டுக்குப் போட்ட ஊசி எல்லாம் பேசி முடித்து, கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான் "அப்பறம், வந்த விசயம் என்னன்னாங்க" என்று ஆரம்பிப்போம். அந்தப் பழக்கத்தில் நலம் விசாரித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு விநாடி திகைத்து, "சார், யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. ஒருத்தருக்குக் கால் கொஞ்சம் திரும்பிக்கிச்சு. அவசரமெல்லாம் இல்லீங்க, உங்களுக்கு வசதிப்படும்போது வண்டி அனுப்புனாப் போதும்."

"அவசரந்தானுங்ணா!" என்று கீழே கிடந்த பெயிண்டர் அலறினார்.

முகவரி கேட்டாள். "ரைஸ்மில் பக்கமுங்க. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றேன். அந்த ரைஸ்மில்லை இடித்து, அடுக்குமாடி கட்டி, அதற்கு இரண்டாவது பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இருந்தாலும் எங்களுக்கு அது இன்னமும் ரைஸ்மில்தான். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. ராஜஸ்தானில் உள்ள குக்கிராமத்துக்குக்கூடப் பிசகாமல் முகவரி எழுதிப் பெட்டி அனுப்புகிறவன். என் சொந்த வீதிக்கு மட்டும் எனக்கு முகவரி தெரியாது.

அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் வேலையைக் கெடுக்கக்கூடாதே என்று "ரொம்ப நன்றிங்க, வெச்சிர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து, ஓட்டை டெம்போ ஒன்றின் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. டெம்போவின் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு பறந்துகொண்டிருந்தது. அறுபதை நெருங்கும் மனிதர் ஒருவர் குதித்து இறங்கி, நேராகப் பெயிண்டரிடம் போய்க் குனிந்தார்.

"மூச்சு இருக்குதா?"

"காலுங்ணா ஒடஞ்சது!"

"அது தெரியுது. மூச்சு இருக்குதா?"

பெயிண்டர் மூச்சை இழுத்து விட்டுக் காண்பித்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. அடுத்து நிமிர்ந்து, "போன் பண்ணுனது யாரு?" என்றார். மாலைக்குக் கழுத்தை நீட்டும் மாப்பிள்ளைபோல நான் கையைத் தூக்கினேன்.

"வழி தெரியாம மெயின் ரோட்டுல நின்னுட்டு, டிரைவரு உங்களுக்கு ஏழு தடவ அடிச்சிருக்காரு. லைன் பிஸி. யாருகூடப் பேசீட்டு இருந்தீங்க?"

"ஊட்டுலீங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுனத சொல்லீட்டு இருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரும்பு வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகச் சுற்றுகிறவர். வார்ப்பில் விரிசல் இருந்தால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். என்னைத் தட்டவில்லை. பார்வையே போதுமாக இருந்தது.

அதுவரை அவர் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்த என்னை மூச்சுக்காரர் இப்படித்தான் பிடித்தார். வணக்கத்துக்குப் பதிலாக "மூச்சு இருக்குதா?" என்று கேட்டு, உயிரோடு இருக்கிற அத்தனை பேரையும் ஒரு கணம் சந்தேகப்பட வைத்த மனிதர் இந்தக் கோயம்புத்தூரில் அவர் ஒருவர்தான். தெருக்கோடி வீடு, சொந்த டெம்போ, சரசக்கா என்று ஒரு மனைவி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

ஆபத்துக்குப் போன் செய்வது எப்படி என்று வீதி முழுவதற்கும் பாடம் நடத்துவதுதான் அவருடைய வேலை. டெம்போ ஓட்டுவது இடைவெளி கிடைத்தால். பாடத்துக்கு நிஜப் போனைத் தொட விடமாட்டார். "அங்க நெசமான உசுரு ஒண்ணு லைன்ல காத்துட்டு இருக்குமுங் தம்பி. வெளையாட்டுக்கு அந்த நம்பர அமுத்துனா அது பாவம்" என்பார். அதனால் டெம்போவிலிருந்து ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து நம் காதில் வைப்பார். அந்தப் பக்கம் பேசும் பெண்ணாக அவரே மாறி, மூக்கால் பேசுவார். பாடம் முடிந்து ஆபீஸ் போனால், "ஏன் சார், காதுக்கு கிரீஸ் போட்டுருக்கீங்க?" என்பார்கள்.

நோயாளி எப்போதும் சரசக்காதான். வாசல் நடையில் கால் நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொள்வார். நான் ஸ்பேனரில் பேசத் தொடங்குவேன்.

"ஹலோ, வணக்கமுங்க..."

"ரெண்டு மார்க் போச்சு" என்பார் மூச்சுக்காரர், மூக்குக் குரல் மாறாமலே. "எந்த மாவட்டம்? எந்தத் தாலுக்கா?"

"தாலுக்காங்களா? அது வந்துங்க..."

படுத்திருக்கும் சரசக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "வடக்கு, வடக்கு" என்று உதட்டை அசைப்பார்.

"பேஷண்டு பேசக்கூடாது அம்மணி! செத்த மாதிரி கெட!"

"செத்த மாதிரியே கெடந்தா பருப்ப யாருங்க எறக்குவா? தம்பி, சீக்கிரம் பேசி முடிங்க, அடி புடிக்குது."

பத்துக்கு நான் வாங்கியது பெரும்பாலும் இரண்டு. நல்ல நாளில் மூன்று. எங்கள் வீதியில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர். அவர் பின்கோடு வரைக்கும் ஒப்பித்துப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, என்னைப் பின்வரிசை மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கோமதிக்கே எட்டு. அந்த வாரம் முழுக்க எனக்கு இட்லி வைக்கும்போதெல்லாம், "ரெண்டு போதுமுங்களா? உங்களுக்கு ரெண்டுதான பழக்கம்" என்றாள்.

அவர் சொல்லித்தந்ததில் பெரிய சூத்திரம் எதுவுமில்லை. இடத்தை முதலில் சொல்லோணும். நடுவில் லைன் அறுந்தாலும் வண்டிக்கு வழியாவது தெரியும். இன்றைக்கு நிற்கிற அடையாளத்தைச் சொல்லோணும், இடித்ததைச் சொல்லக்கூடாது. கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். அவர்கள் வைக்கச் சொல்கிறவரை வைக்கக்கூடாது. வைத்த பிறகு அந்தப் போனில் வேறு யாருக்கும் பேசக்கூடாது, வண்டிக்காரர் கூப்பிடுவார். ஒரு ஆள் வீதி முக்குக்குப் போய் நின்று கையைக் காட்டோணும். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். எனக்கு ஒரு வருடம் ஆனது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. அவர் பாடத்தில் எப்போதும் அவருடைய வீடு, அவருடைய சம்சாரம். "மூணாவது வீதி, கடைசி ஊடு, தண்ணித் தொட்டிக்கு எதிர் சந்து. பொம்பள. அம்பத்தஞ்சு வயசு. சக்கர இருக்குது." வீதியில் பால் பாக்கெட் போடுகிறவர்கூட இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

"ஏனுங்ணா, எங்க ஊட்டுலயும் மனுசங்க இருக்கறமல்லங்க? எங்களுக்கெல்லாம் ஒரு மயக்கம் கூட வராதுங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மொதல்ல இத ஒழுங்காச் சொல்லுங்க. அப்பறம் உங்க மயக்கத்தப் பாக்கலாம்."

தற்பெருமைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். என் கணிப்புகள் எல்லாமே ரைஸ்மில் ரகம்.

ஒரு தடவை மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீதிக்காரர் வீட்டுக் கல்யாணம். மூச்சுக்காரர் மண்டபத்தில் நுழைந்ததுமே, சந்தனம் கொடுத்த பெண்ணிடம், "கண்ணு, இந்த மண்டபம் எந்த ரோட்டுல இருக்குது?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. மண்டபத்து மேனேஜரே "பஸ் ஸ்டாண்டுல இருந்து பக்கந்தானுங்க" என்றார். முகவரியைத் தேடிப் பிடித்து, பெரிய எழுத்தில் எழுதி, கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினார். அடியில் 108. பெண்ணின் தாய்மாமன் கொதித்துப் போனார்.

"ஏனுங்க, நல்ல காரியம் நடக்கற எடத்துல இதென்னங்க ஆம்புலன்ஸ் பேச்சு?"

"நல்ல காரியத்துலதானுங்க எண்ணெப் பலகாரம் ஜாஸ்தி" என்றார் மூச்சுக்காரர், வெகு மரியாதையாக.

இன்னொரு தடவை பேக்கரியில். டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னறிவிப்பே இல்லாமல் தரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பழகிய நாங்கள் பப்ஸைக் கீழே வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் முகவரியை ஒப்பிக்க ஆரம்பித்தோம். வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் பதறிப்போய் நிஜமாகவே 108ஐ அழுத்திவிட்டார். மூச்சுக்காரர் ஸ்பிரிங் மாதிரி எழுந்து போனைப் பறித்தார். "வேண்டாம், தப்பாக் கூப்புட்டுட்டோம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் போனைக் காதில் வைத்தவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை. பிறகு போனைப் பேக்கரிக்காரர் கையில் திணித்து, "நீங்களே சொல்லீருங்க" என்றார். வெட்கப்படுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். அன்றோடு பொது இடத்தில் விழுவதை விட்டுவிட்டார்.

அப்புறம் அந்த அமாவாசை வந்தது.

மாதாமாதம் பராமரிப்புக்காக ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்களே, அதுவும் அன்றைக்குத்தான். கணபதியில் கரண்ட் இல்லையென்றால் லேத் பட்டறைகளின் சத்தம் இருக்காது. லேத் சத்தம் இல்லையென்றால் காது அடைத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். எங்கள் கம்பெனிக்கும் விடுமுறை. மின்விசிறி ஓடாததால் வீதியில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கோமதி ஆனைமலையில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் லுங்கியோடு உட்கார்ந்து சுதந்திரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். தெருக்கோடியிலிருந்து மூச்சுக்காரர் ஓடிவந்தார். சட்டை இல்லை. நேராக என் முன்னால் வந்து நின்று, கையில் இருந்ததை என் காதுக்கு நீட்டினார்.

"ஏனுங்ணா, கரண்ட் இல்லாத நாள்லயாவது என்னைய உட்டுருங்க. வேணும்னா இப்பவே ரெண்டு மார்க் போட்டுக்குங்க" என்றேன்.

அவர் பேசவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. காதில் கிரீஸ் பிசுபிசுப்பை எதிர்பார்த்துத் தலையைச் சாய்த்தேன். பிசுபிசுக்கவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூக்குக் குரல் இல்லை, நிஜமான பெண் குரல்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா சார்? பேசுங்க. ஹலோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் வீட்டைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. போனைக் காதோடு வைத்துக்கொண்டே ஓடினேன். ஓடும்போதே வாய் தன்னால் பேசியது.

"கோயமுத்தூர் மாவட்டம், வடக்கு தாலுக்கா, கணபதி. செல்லாண்டி நகர், மூணாவது வீதி, கடைசி வீடு. மெயின் ரோட்டுல தண்ணித் தொட்டி இருக்கு, அதுக்கு எதிர் சந்து."

"என்ன ஆச்சு சார்?"

"பெண். அம்பத்தஞ்சு வயசு. சக்கரை இருக்கு."

அதற்குள் வாசலுக்கு வந்திருந்தேன். சரசக்கா அதே வாசல் நடையில் கிடந்தார். ஆனால் கால் நீட்டிப் படுத்திருக்கவில்லை, ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விநாடி நான் காத்திருந்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று. திறக்கவில்லை. முகமெல்லாம் வேர்வை.

"மயக்கம். கூப்பிட்டா எந்திரிக்கல."

"மூச்சு இருக்கா சார்?"

ஒரு வருடமாக அந்தக் கேள்வியை வைத்து நான் அடிக்காத கிண்டல் இல்லை. குனிந்து புறங்கையை அவர் மூக்கருகே வைத்தேன். எதுவும் தெரியவில்லை. தரையில் முட்டியூன்றி, கன்னத்தையே கொண்டுபோய் வைத்தேன். மெல்லிசாக, சூடாக, வந்தது.

"இருக்கு" என்றேன்.

"வண்டி கிளம்பிடுச்சு சார். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மயக்கத்துல இருக்கும்போது வாயில எதுவும் ஊத்தாதீங்க."

அவள் சொல்லி முடிக்கும்போதே டீச்சர் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் கோல்கீப்பர்போலக் கைகளை விரித்து நின்றேன். "ஊத்தக்கூடாதுங்க டீச்சர்!" பத்துக்குப் பத்து வாங்கியவரை இரண்டு வாங்கியவன் அதட்டிவிட்டான். அவர் டம்ளரை வைத்துவிட்டு, சரசக்காவை ஒருக்களிக்க எனக்குக் கை கொடுத்தார்.

மூச்சுக்காரரைத் தேடினேன். அவர் முக்குக்கு ஓடிவிட்டிருந்தார், சிவப்புத் துண்டோடு. வண்டிக்காரர் போனில் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன். என் சொந்தப் போனில் கோமதி நான்கு முறை கூப்பிட்டாள், எடுக்கவே இல்லை. எங்கள் பதினெட்டு வருட இல்லறத்தில் இது சாதனை.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் திரும்பியபோது, முன்னால் மூச்சுக்காரர் துண்டை வீசிக்கொண்டே ஓடிவந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அய்யா, ஏறிக்குங்க! ஏறிக்குங்கய்யா!" என்று கத்தினார். அவர் காதில் விழவில்லை. வீடு வரைக்கும் வண்டிக்கு முன்னாலேயே ஓடினார்.

வண்டியில் வந்தவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர் ரொம்ப எறங்கிருக்கு" என்று கையில் ஊசி ஏற்றினார். அமாவாசை விரதம். சோறு சாப்பிடாத சரசக்கா, மாத்திரையை மட்டும் வழக்கம்போல முழுங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இமை அசைந்தது. கண்ணைத் திறந்தவர் எங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தார். கடைசியில் பார்வை புருஷன்மீது நின்றது.

"ஏனுங்க, வீதியே நிக்குது, சட்ட போடாம என்னங்க இது?"

மூச்சுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஆம்புலன்ஸில் அவரை இரண்டு பேர் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரசக்கா தலையணையில் சாய்ந்து இட்லியைத் திட்டிக்கொண்டே தின்றுகொண்டிருந்தார். மூச்சுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நின்ற வண்டிகளை எண்ணுவதுபோல நின்றார்.

"இவருக்குப் போன்ல பேச்சே வராதுங் தம்பி" என்றார் சரசக்கா. "நேர்ல பேசியே ஊர வாங்கிருவாரு. பயம் வந்து போனைக் கையில எடுத்தாப் போதும், நாக்கு ஒட்டிக்கும். மூணு வருசத்துக்கு முந்தி நான் இப்பிடித்தான் உழுந்துட்டேன். நம்பர அமுத்தீட்டாரு. அந்தப் புள்ள ஹலோ ஹலோங்குது, இவரு நின்னுட்டே இருக்காரு. வீதில கீர வித்துட்டுப் போன பொம்பள வந்து, போனப் புடுங்கிப் பேசுனா. அதுல பொழச்சேன்."

"அத எதுக்கு இப்ப..." என்றார் ஜன்னல் பக்கமிருந்து.

"சொல்லட்டும், இருங்க. அன்னைக்கிருந்து தூக்கமே இல்லீங் தம்பி இவருக்கு. கீரக்காரி எல்லா நாளும் வருவாளான்னு கேட்டாரு. நாஞ் சொன்னேன், வரமாட்டாதான்னு. அதுக்கப்பறந்தான் அந்த ஸ்பேனர எடுத்தாரு. தன்னால ஆவாதுன்னு தெரிஞ்சு, வீதில ஒரு ஆளு பாக்கியில்லாம எங்க ஊட்டு அட்ரஸப் படிக்க வெச்சுப்போட்டாரு."

ஒரு வருடமாகத் தற்பெருமை என்று நான் நினைத்தது அவருடைய பயம். அதை வீதி முழுவதற்கும் பங்கு வைத்து, ஆளுக்குப் பத்து மார்க்குக்குப் பாடமாக்கி, நாங்கள் சிரிக்கும்படி நடத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் வழக்கமில்லை. அதனால் வேறு எதையாவது பேசுவோமே என்று, நேற்றிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"ஏனுங்ணா, நேத்து எல்லாரு ஊட்டுக் கதவும் தொறந்துதான் இருந்துச்சு. டீச்சர் ஊட்டத் தாண்டி, இன்னும் நாலு ஊட்டத் தாண்டி வந்தீங்க. அத்தன பேரும் என்னையவிட மார்க் எச்சு. அப்பறம் எதுக்குங்க என்கிட்ட வந்தீங்க?"

அவர் திரும்பாமலே சொன்னார்:

"காலு அங்கதானுங் தம்பி நின்னுச்சு."